எங்கள் ஆர்.பி.சி. லைப்ரரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்காக எழுதப்பட்டது?

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகளில் உள்ள கன்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்களுக்காகவும், அந்த மென்பொருளின் ஏதேனும் ஒரு பகுதியைத் திருத்த வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காகவும் எழுதப்பட்டது. கேட்டில் இருக்கும் கணினி, எடைமேடை அறையில் இருக்கும் கணினி, எந்தக் கன்டெய்னர் எந்த வரிசையில் எத்தனையாவது அடுக்கில் நிற்கிறது என்பதை வைத்திருக்கும் யார்டு சர்வர், பில்லிங் சர்வர் ஆகிய நான்கும் ஒன்றையொன்று அழைத்துப் பேசிய பிறகே ஒரு டிரெய்லர் உள்ளே நுழைகிறது. அந்த அழைப்புகளைச் சுமப்பது 2009இல் எழுதத் தொடங்கி இன்றுவரை திருத்திக்கொண்டிருக்கும் எங்கள் சொந்த லைப்ரரி, அதாவது எல்லாப் புரோகிராம்களும் பயன்படுத்தும் பொதுவான கோடு (புரோகிராம் வரிகள்). அதன் கோடைப் படிப்பவர்களுக்கு ஒரே வேலைக்கு இரண்டு மூன்று வழிகள் இருப்பது குழப்பமாகத் தெரியும். ஒவ்வொரு வழிக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணங்களைக் கோடில் தேடினால் கிடைக்காது என்பதால் இங்கே எழுதி வைக்கிறோம்.

ஆர்.பி.சி. என்றால் என்ன?

ரிமோட் புரொசீஜர் கால் என்பதன் சுருக்கம்: ஒரு கணினியில் ஓடும் புரோகிராம், வேறொரு கணினியில் இருக்கும் ஃபங்ஷனைத் தன்னிடமே இருப்பதைப் போல அழைத்து விடையைப் பெறும் முறை. இந்தப் பெயரை நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் புரூஸ் நெல்சன். அவரும் ஆண்ட்ரூ பிரெல்லும் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் செய்த வேலையை விளக்கி 1984இல் வெளியிட்ட கட்டுரையே இன்றைய எல்லா ஆர்.பி.சி. முறைகளுக்கும் அடிப்படை. அழைப்பவர் பக்கத்தில் ஒரு ஸ்டப் (உண்மையான ஃபங்ஷனுக்குப் பதிலாக நிற்கும் சிறு கோடு), பதிலளிப்பவர் பக்கத்தில் ஒரு ஸ்டப், இடையில் செய்தியைக் கட்டி அனுப்பும் பகுதி என்ற அமைப்பு அப்போதே தெளிவாக வரையறுக்கப்பட்டுவிட்டது. எங்கள் லைப்ரரியிலும் அதே மூன்று பகுதிகள்தான் இருக்கின்றன.

வெளியில் கிடைத்ததைப் பயன்படுத்தாமல் ஏன் சொந்தமாக எழுத வேண்டியிருந்தது?

2009இல் கையில் இருந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். வெவ்வேறு மொழிகளில் எழுதிய புரோகிராம்களை இணைக்கும் கோர்பா முறை 1991 முதல் இருந்தது. ஆனால் எடைமேடை அறையில் இருந்த பழைய விண்டோஸ் கணினிக்கு அது பெரும் பாரம். ஜாவா ஆர்.எம்.ஐ. இரு முனையிலும் ஜாவா இருந்தால் மட்டுமே உதவும். எங்கள் எடைமேடை புரோகிராமோ சீரியல் கேபிள் வழியாக எடைக்கருவியைப் படிக்கும் சி புரோகிராம். சோப் (SOAP) முறையில் ஒரு சிறிய எடையை அனுப்பக்கூட நீண்ட எக்ஸ்.எம்.எல். உறை தேவைப்பட்டது. கூகுள் 2008இல் புரோட்டோகால் பஃபர்ஸைத் திறந்த மூலமாக வெளியிட்டபோது செய்தியைக் கட்டும் பகுதிதான் கிடைத்ததே தவிர, அழைப்பைச் சுமக்கும் பகுதி கிடைக்கவில்லை, அது ஜி.ஆர்.பி.சி. என்ற பெயரில் 2015இல்தான் வந்தது. ஆகவே சில நூறு வரிகளில் நாமே எழுதிவிடலாம் என்ற முடிவு அன்றைய நிலையில் நியாயமானதே. ஆனால் சன் நிறுவனத்தின் ஆர்.பி.சி. முறை 1988லேயே ஆர்.எஃப்.சி. 1057 என்ற இணைய ஆவணமாகப் பொதுவில் இருந்தது. தரவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான வடிவில் எழுதும் அதன் எக்ஸ்.டி.ஆர். விதிகளையாவது முதல் நாளே எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த பதிலில் வரும் தொல்லைகளில் பாதி நேர்ந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

முதல் வடிவத்தில் என்ன சிக்கல் இருந்தது?

சி மொழியின் ஸ்டிரக்ட் (பல தகவல்களைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) நினைவகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பின் முனையில்) எழுதப்பட்டது. அதிலிருந்து மூன்று சிக்கல்கள் பிறந்தன.

முதலாவது, இடைவெளி பைட்டுகள். ஒரு எழுத்தும் அதைத் தொடர்ந்து ஒரு 4 பைட் எண்ணும் கொண்ட ஸ்டிரக்ட் 5 பைட் என்றே தோன்றும். பெரும்பாலான கம்பைலர்கள் எண்ணை 4இன் மடங்கான இடத்தில் வைப்பதற்காக நடுவில் 3 பைட் விட்டு அதை 8 ஆக்கிவிடும். கம்பைலரை மாற்றினாலோ ஒரு செட்டிங்கை மாற்றினாலோ இந்தக் கணக்கு மாறிவிடும். இரண்டாவது, பைட் வரிசை. இன்டெல் கணினிகள் எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைக்கின்றன. ஜாவாவில் எழுதப்பட்ட பில்லிங் சர்வரோ, ஜாவாவின் இயல்பான முறைப்படி, பெரிய பகுதி முதலில் வரும் என்று எதிர்பார்த்தது. அதற்காக ஜாவா பக்கத்தில் பைட்டுகளைத் திருப்பிப்போடும் கோடு சேர்க்கப்பட்டது. அது இன்னும் இருக்கிறது, நீக்காதீர்கள்.

மூன்றாவதுதான் அதிக நாள் அலைக்கழித்தது. டி.சி.பி. (நெட்வொர்க்கில் தகவலைக் கொண்டு செல்லும் அடிப்படை முறை) என்பது செய்திகளைக் கொண்டு சேர்ப்பதன்று; இடைவெளியின்றி ஓடும் பைட்டுகளின் நீரோட்டத்தைக் கொண்டு சேர்ப்பது. ஒருமுறை எழுதியதை மறுமுனை ஒரேமுறையில் படித்துவிடும் என்ற உறுதி அதில் இல்லை. அலுவலகத்தின் உள் நெட்வொர்க்கில் செய்திகள் சிறியவையாகவும் தாமதம் குறைவாகவும் இருந்ததால் ஒவ்வொரு முறையும் முழுச் செய்தி வந்துகொண்டிருந்தது. ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட் சுமக்கக்கூடிய அளவு பொதுவாக 1460 பைட். கன்டெய்னர் பட்டியல் நீண்டு அந்த அளவைத் தாண்டிய பிறகு, மணலி இணைப்பில் பாதிச் செய்தியே முழுச் செய்தியாகப் படிக்கப்பட்டது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் எழுதுவதும், அத்தனை பைட்டும் வந்து சேரும்வரை படித்துக்கொண்டே இருப்பதும்தான் இதற்குத் தீர்வு. ஜி.ஆர்.பி.சி.யும் இதையேதான் செய்கிறது: சுருக்கப்பட்டதா என்பதைச் சொல்ல 1 பைட், நீளத்துக்கு 4 பைட்.

செய்தி வடிவம் ஏன் இரண்டுமுறை மாற்றப்பட்டது?

முதல் மாற்றத்துக்கு ஒரு புதிய விதி காரணம், இரண்டாவதற்கு அதன் பிறகு வந்த எண் சிக்கல். 2016 ஜூலை 1 முதல், ஏற்றுமதிக் கன்டெய்னரின் சரிபார்க்கப்பட்ட மொத்த எடை தெரியாமல் அதைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் விதி நடைமுறைக்கு வந்தது. எடை, எடை எடுக்கப்பட்ட முறை, உறுதிசெய்தவர் ஆகிய விவரங்களைச் செய்தியில் சேர்க்க வேண்டியிருந்தது. ஸ்டிரக்ட் வடிவத்தில் ஒரு புலத்தை (ஒரு தகவலுக்கான இடத்தை) சேர்த்தால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாம் இடம் மாறும் என்பதால், எல்லா யார்டுகளிலும் எல்லாக் கணினிகளையும் ஒரே இரவில் மாற்றியாக வேண்டும். அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஒவ்வொரு புலத்தையும் அதன் பெயரோடு உரையாக எழுதும் ஜேசன் வடிவம் வந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது, 15 எழுத்துகள் கொண்ட ஜி.எஸ்.டி. எண்ணைப் பில்லிங் செய்திகளில் சேர்ப்பது ஜேசனால் எளிதாயிற்று. தெரியாத புலத்தைப் பழைய புரோகிராம்கள் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டன.

ஆனால் ஜேசன் வேறொரு இடத்தில் இடித்தது. கேட் திரை பிரௌசரில் ஓடத் தொடங்கியபோது, ஒவ்வொரு வேலையையும் அடையாளம் காட்டும் 64 பிட் கோரிக்கை எண்களின் கடைசி இலக்கங்கள் மாறி வந்தன. ஜாவாஸ்கிரிப்ட் தன் எண்களை மிதவைப் புள்ளி முறையில் வைப்பதால், 9007199254740992 என்ற எல்லைக்கு மேற்பட்ட முழு எண்கள் எல்லாவற்றையும் துல்லியமாக வைக்க அதனால் இயலாது. அந்த எண்களைச் சரமாக (எழுத்துத் தொடராக) அனுப்பித் தற்காலிகமாகச் சமாளித்தோம்.

இப்போதைய மூன்றாம் வடிவம் புரோட்டோகால் பஃபர்ஸ் முறையைப் பின்பற்றுவது: ஒவ்வொரு புலத்துக்கும் பெயருக்குப் பதிலாக ஓர் எண் செல்லும். இதில் மீறக் கூடாத விதிகள் இரண்டு. ஒருமுறை கொடுத்த புல எண்ணை, அந்தப் புலத்தையே நீக்கிவிட்டாலும், வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது. ஏதோ ஒரு யார்டில் ஏதோ ஒரு பழைய புரோகிராம் அந்த எண்ணைப் பழைய பொருளில் படித்துக்கொண்டிருக்கும். எந்தப் புலத்தையும் கட்டாயமானது என்று வடிவத்திலேயே எழுதக் கூடாது. புரோட்டோகால் பஃபர்ஸின் மூன்றாம் பதிப்பு அந்த வசதியையே எடுத்துவிட்டதற்குக் காரணம் உண்டு. இன்று கட்டாயமாக இருக்கும் தகவல் நாளை தேவையற்றதாகும்போது அதை விடுவிக்க வழி இராது.

ஓட்டுநரின் ஊர்ப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டது ஏன்?

முதல் வடிவத்தில் ஊர்ப் பெயருக்கு 32 பைட் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆங்கில எழுத்துக்கு அது தாராளம். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் (ஓர் எழுத்துக்கோ குறிக்கோ யூனிகோடு தரும் எண்) 3 பைட் எடுக்கும். ‘தொண்டையார்பேட்டை’ நம் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடில் 16 குறியீட்டுப் புள்ளிகள். ஆகவே 48 பைட். 32 பைட்டில் வெட்டினால் ‘தொண்டையார்’ வரை 30 பைட் முழுமையாக வரும். அடுத்த எழுத்தின் 3 பைட்டில் 2 மட்டும் ஒட்டிக்கொண்டு வந்து, அந்தச் செய்தி முழுவதையும் படிக்க முடியாததாக்கிவிடும். பெயர் குறைபடுவதைவிடச் செய்தியே நிராகரிக்கப்படுவது பெரிய பாதிப்பு; வண்டி கேட்டிலேயே நிற்கும்.

இதோடு இன்னொன்றும் உண்டு. ‘தொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே புள்ளியாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என்று இரண்டு புள்ளிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பைட் வாரியாக ஒப்பிட்டால் வேறு வேறு. சில விசைப்பலகை மென்பொருள்கள் இரண்டாம் முறையில் எழுதுவதால், ஒரே ஓட்டுநர் இருவராகப் பதிவானார். இப்போது லைப்ரரி சரங்களை அனுப்பும் முன், அந்தக் குறியை ஒரே புள்ளியாக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றுகிறது. தமிழில் பெயர் எழுதும் ஊரில் இந்தச் சோதனை முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். தன் பெயர் சரியாகப் பதிவாக வேண்டும் என்பது அந்த ஓட்டுநரின் உரிமை.

பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒரு பதிலை மட்டுமே படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

ஒரே கணினிக்குள் ஃபங்ஷனை அழைத்தால் வேலை முடியும் அல்லது பிழை வரும். வேறு கணினியை அழைக்கும்போது மூன்றாவது நிலை ஒன்று சேர்கிறது: என்ன நடந்தது என்று தெரியாத நிலை. கோரிக்கை போகும் வழியிலேயே தொலைந்திருக்கலாம். சர்வர் வேலையின் நடுவில் நின்றிருக்கலாம். வேலை முழுவதும் முடிந்து, பதில் மட்டும் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். அழைத்தவருக்கு மூன்றும் ஒன்றாகவே தெரியும். தபாலின் ஒப்புகை அட்டை திரும்பி வரவில்லை என்பதற்காகக் கடிதம் போய்ச் சேரவில்லை என்று யாரும் சொல்வதில்லை, இதுவும் அப்படித்தான்.

லைப்ரரியின் முதல் வடிவம் வெற்றி, தோல்வி என்ற இரண்டு விடைகளையே அறிந்திருந்தது. 30 விநாடிக்குள் பதில் வராவிட்டால் தோல்வி. கேட் திரை ‘பதிவாகவில்லை, மீண்டும் முயலவும்’ என்று காட்டும். கேட் ஊழியர் மீண்டும் அழுத்துவார். ஒரே கன்டெய்னருக்கு இரண்டு கேட் பாஸ், இரண்டு வாடகைக் கணக்கு. கிளியரிங் ஏஜென்ட் பில்லோடு வந்து நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

தீர்வு மூன்று படிகளில் வந்தது. அழைப்பவர் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோரிக்கை எண்ணை உருவாக்கி, எத்தனைமுறை அனுப்பினாலும் அதே எண்ணோடு அனுப்ப வேண்டும்; அந்த எண்ணைச் சர்வர் ஏற்கெனவே பார்த்திருந்தால் வேலையை மறுபடி செய்யாமல் பழைய விடையையே திருப்பித் தர வேண்டும் என்பது அடிப்படை. முதலில் சர்வர் அந்த எண்களை நினைவகத்தில் வைத்திருந்தது. சர்வரை மறுபடி தொடங்கியதும் எல்லாம் அழிந்தன. அடுத்து, வேலை முடிந்த பிறகு எண்ணைத் தனியே டேட்டாபேஸில் எழுதியது. வேலைக்கும் எழுதுவதற்கும் இடையில் மின்சாரம் போனால் வேலை நடந்திருக்கும், எண் இராது. கடைசியில் வேலையும் எண்ணும் விடையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் (எல்லாம் சேர்ந்து பதிவாகும் அல்லது எதுவுமே பதிவாகாத முறையில்) எழுதப்பட்டன. இந்த மூன்றாவது படி மட்டுமே சரியானது. ஆகவே புதிதாக எழுதும் எந்தச் சர்வரும் அதையே பின்பற்ற வேண்டும். பழைய இரண்டு வழிகளும் கோடில் கண்ணில் படும். அவற்றைப் பார்த்து எழுதாதீர்கள்.

கன்டெய்னர் எண்ணையே கோரிக்கை எண்ணாக வைக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 6346 தரப்படி அந்த எண்ணில் 4 எழுத்துகளும், 6 இலக்க வரிசை எண்ணும், ஒரு சரிபார்ப்பு இலக்கமும் இருக்கின்றன. தட்டச்சுத் தவற்றைக் கண்டுபிடிக்க அந்தக் கடைசி இலக்கம் உதவும். ஆனால் எண் பெட்டியைக் குறிக்கிறதே தவிர வருகையைக் குறிப்பதில்லை. ஒரே பெட்டி அதே நாளில் வெளியே சென்று திரும்பவும் உள்ளே வரலாம். இரண்டாவது வருகையைச் சர்வர் பழையது என்று ஒதுக்கிவிடக் கூடாது.

டைம்அவுட்டுக்குப் பதிலாக ‘மீதி நேரம்’ என்ற புலம் ஏன்?

முன்பு கேட் 30 விநாடி காத்திருக்கும். யார்டு சர்வர் பில்லிங்குக்காக 60 விநாடி காத்திருக்கும். கேட் கைவிட்ட பிறகும் உள்ளே இருவர் யாருக்கும் தேவைப்படாத வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். இப்போது அழைப்பவர் தனக்கு மீதமுள்ள நேரத்தைச் செய்தியோடு அனுப்புகிறார். ஒவ்வொரு சர்வரும் தான் செலவிட்டதைக் கழித்து அடுத்தவருக்கு அனுப்புகிறது. மீதி தீர்ந்தால் வேலை அங்கேயே நிறுத்தப்படும். இத்தனை மணிக்குள் என்று அனுப்பாததற்குக் காரணம், எடைமேடைக் கணினிகளின் கடிகாரங்களை நம்ப முடியாது என்பது.

மீண்டும் முயலும் வேலையை லைப்ரரி ஏன் தானாகச் செய்வதில்லை?

ஒருகாலத்தில் செய்தது, அதுவும் ஒவ்வொரு அடுக்கிலும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்த பிறகு பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் திரும்பியபோது, கேட் கணினிகள் தேக்கி வைத்திருந்த பதிவுகளை எல்லாம் ஒரே நேரத்தில் அனுப்பின. கேட் 3 முறை, யார்டு சர்வர் 3 முறை, பில்லிங் சர்வர் டேட்டாபேஸை 3 முறை முயலும் அமைப்பில், கேட்டில் அழுத்திய ஒரு பொத்தான் டேட்டாபேஸுக்கு 27 அழைப்புகளாக மாறும். திணறும் சர்வருக்கு உதவ எழுதிய கோடே அதை எழ விடாமல் அழுத்தியது.

இப்போது வெளி அடுக்கு மட்டுமே மீண்டும் முயலும். இடைவெளி 1, 2, 4, 8 விநாடி என்று இரட்டித்துக்கொண்டே சென்று 60இல் நிற்கும். எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் வந்து மோதாமல் இருக்க, அதில் சிறிது தற்செயல் நேரம் கலக்கப்படும். சுமை மிகும்போது சர்வர் காக்க வைக்காமல் ‘இப்போது இயலாது’ என்று உடனே சொல்லிவிடும். கோரிக்கை எண் இல்லாத அழைப்பை மீண்டும் முயல லைப்ரரி அனுமதிக்காது.

தொலைதூர அழைப்பு சாதாரண ஃபங்ஷனைப் போலத் தோன்றும் வசதியை நீக்கியது ஏன்?

ஏனெனில் தோற்றம் ஏமாற்றியது. ஒரு வரியில் அழைக்க முடிந்ததால், யார்டில் உள்ள 200 கன்டெய்னர்களின் நிலையை ஒவ்வொன்றாகச் சுழற்சியில் கேட்கும் கோடு எழுதப்பட்டது. ஒவ்வோர் அழைப்புக்கும் 30 மில்லி விநாடி என்றால் 6 விநாடி. திரை உறைந்துவிட்டதாகவே பயன்படுத்துபவர் நினைப்பார். உள்ளூர் அழைப்பையும் தொலைதூர அழைப்பையும் ஒன்றாகக் காட்டுவது தவறு என்று சன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜிம் வால்டோவும் சக ஆய்வாளர்களும் 1994லேயே எழுதியிருக்கிறார்கள். இப்போது ஒவ்வோர் அழைப்பிலும் மீதி நேரத்தையும் கோரிக்கை எண்ணையும் எழுதியே தீர வேண்டும். விடையில் ‘தெரியவில்லை’ என்பதைக் கையாளாமல் கோடு கம்பைல் ஆகாது. எழுதுபவருக்கு இது கூடுதல் வேலைதான். அந்த வேலை தேவையானது.

சிறிய செய்திகள் 40 மில்லி விநாடி தாமதமாவது ஏன்?

நீளத்தை ஒருமுறையும் உள்ளடக்கத்தை மறுமுறையும் தனித்தனியாகச் சாக்கெட்டில் எழுதினால் இது நேரும். டி.சி.பி.யில் உள்ள நேகிள் முறை, முதல் துண்டுக்கு ஒப்புகை வரும்வரை இரண்டாவது சிறு துண்டை நிறுத்தி வைக்கும். மறுமுனையில் லினக்ஸ் அந்த ஒப்புகையைச் சற்றுத் தாமதித்தே அனுப்பும். இரண்டையும் ஒரே முறையில் எழுதுங்கள்.

இரவு அமைதியாக இருந்துவிட்டு, விடியற்காலையின் முதல் அழைப்பு மட்டும் தோற்பது ஏன்?

இடையில் உள்ள ரவுட்டர், வெகுநேரம் பேச்சில்லாத இணைப்பைச் சொல்லாமல் மறந்துவிடும். லினக்ஸின் இயல்பான கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) 2 மணி நேரத்துக்குப் பிறகே தொடங்குவதால் அது உதவாது. லைப்ரரியே குறுகிய இடைவெளியில் ஒரு சிறு செய்தியை அனுப்பி இணைப்பைச் சோதிக்கிறது.

இன்று ஜி.ஆர்.பி.சி. இருக்கும்போது இதை ஏன் வைத்திருக்க வேண்டும்?

புதிய சர்வர்கள் ஜி.ஆர்.பி.சி.யில்தான் எழுதப்படுகின்றன, அதுவே சரி. எச்.டி.டி.பி./2 மீது ஓடுவதால் ஒரே இணைப்பில் பல அழைப்புகள் செல்கின்றன. மீதி நேரத்தை அனுப்பும் வசதியும் அதில் உண்டு. எடைமேடைக் கணினிகளுக்காக மட்டும் ஒரு பாலம் பழைய வடிவத்தைப் புதியதாக மாற்றித் தருகிறது. ஆனால் மாறிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நம்ப வேண்டாம். ஜி.ஆர்.பி.சி.யில் அழைப்பவர் கெடு எதையும் குறிக்காவிட்டால் அழைப்பு காலவரையின்றிக் காத்திருக்கக்கூடும். பெறும் செய்தியின் இயல்பான உச்ச அளவு 4 எம்.பி. என்பதால் மாத இறுதி அறிக்கைகளைப் பிரித்தே அனுப்ப வேண்டும். ஒரே வேலை இருமுறை நடக்காமல் பார்த்துக்கொள்வது அங்கும் நம் பொறுப்புதான். கோரிக்கை எண் அட்டவணையை எந்த லைப்ரரியும் நமக்காக வைத்துத் தராது.

புதிய புலத்தையோ அழைப்பையோ சேர்க்கும்போது எந்த வரிசையில் மாற்ற வேண்டும்?

முதலில் சர்வர்கள், பிறகு கேட் கணினிகள். புதிய கோரிக்கையைப் புரிந்துகொள்ளும் சர்வர் எல்லா இடத்திலும் ஓடத் தொடங்கிய பிறகே அதை அனுப்பும் கிளையன்டை வெளியிட வேண்டும். நீக்கும்போது இதற்கு நேர்மாறான வரிசை. கேட் கணினிகளை ஒரு யார்டில் ஒரு லேனாக மாற்றுங்கள். மற்ற லேன்கள் பழைய வெர்ஷனில் ஓடிக்கொண்டிருக்கட்டும்; இரண்டு வெர்ஷன்களும் அருகருகே ஓட வேண்டும் என்பதற்காகத்தான் புல எண் விதிகள் எல்லாம். துறைமுகத்திலிருந்து வண்டிகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஒரு யார்டின் எல்லா லேன்களையும் ஒன்றாக நிறுத்தினால், டிரெய்லர் வரிசை எண்ணூர் விரைவுச் சாலைவரை நீண்டு, அந்தப் பகுதி மக்களின் போக்குவரத்தையும் அடைத்துவிடும். மாற்றிய லேனில் ஒரு முழு ஷிப்ட் ஓடியதும், லாகில் ‘தெரியவில்லை’ விடைகள் வழக்கத்தைவிடக் கூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்த லேனுக்குச் செல்லுங்கள்.